முப்பத்தேழாம் கிழமை

காலிமுகத்திடல் ஹோட்டலொன்றின் நான்காம் மாடி.
இரவுச் சாப்பாடு இலவசம்,
ஒன்றரை மணித்தியாலம் காது கொடுத்தால் போதும் என்றார்கள்.
ரிஸ்மி என்றொரு பொடியன், தேன் மாதிரித் தமிழ்,
வெள்ளைத் தாளில் வட்டம் கீறி
ஐம்பத்திரண்டாக வெட்டி
ஒரு துண்டை மட்டும் பேனையால் நிரப்பினான்.
"இது உங்கட. இருபத்தைந்து வருசத்துக்கு."
பிறந்தநாள் கேக் நீட்டுகிறவனைப் போல.

கமலேந்திரன் என்னைப் பார்த்தார்.
பழைய சோனகத் தெருவில்
ஆணியும் சங்கிலியும் இறக்குமதி செய்யும் கடையில்
பேரேடெல்லாம் என் கையெழுத்து.
வேண்டாம் என்று சொல்லவேண்டியவள் நான்தான்.
இறால் நன்றாக இருந்தது.
ஒப்பம் வைத்தேன்.

பெந்தோட்டை, கடல் பார்த்த அறை, இலக்கம் 214,
வருசா வருசம் முப்பத்தேழாம் கிழமை.
அது எப்போது வருகிறதென்று
கலண்டரில் விரல் வைத்து எண்ணியது வீட்டுக்கு வந்த பிறகுதான்.
செப்டெம்பர்.
மகளுக்குப் பள்ளிக்கூடம்,
கடலுக்குச் சிவப்புக் கொடி.
நல்ல துண்டெல்லாம் ஆரோ எடுத்துப்போக
ஐசிங் இல்லாத ஓரம் எங்களுக்கு.

கணக்கைச் சொல்கிறேன்.
பன்னிரண்டு வருசத்தில் போனது ஐந்து தரம்,
தரத்துக்கு மூன்று இரவு, அதுவும் லீவுக் கடிதம் கொடுத்து.
ஊரடங்கு வருசமும் பராமரிப்புப் பணம் கட்டினோம்.
பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் கிடந்தபோது
காருக்குள்ளேயே போனில் வந்து விழுந்தது
அந்த வருசத்துப் பில்.
பதினெட்டாயிரத்தில் தொடங்கியது இப்போது எண்பத்தாறாயிரம்.
முதலும் பராமரிப்புமாய்ப் பத்து லட்சம்;
ஓர் இரவுக்கு அறுபத்தாறாயிரத்துச் சொச்சம்.
அதே அறையை வழியால் போகிறவன்
இருபத்தெட்டாயிரத்துக்கு எடுக்கிறான்,
காலைச் சாப்பாட்டோடு.
விற்கலாமா என்று கேட்டேன். தரகர் சிரித்தார்:
"அக்கா, நீங்கள் காசு குடுத்தால் ஆரும் எடுப்பினம்."

பிரயோசனமில்லை. அவ்வளவுதான்.
கடையில் ஒருவர் இப்படி வாங்கியிருந்தால்
விளக்கம் கேட்டுக் கடிதம் அடித்திருப்பேன்.

ஆனால்
வெள்ளவத்தையில் பத்தொன்பது வருசத்தில் ஏழு வீடு.
இரண்டு வருச முற்பணம்,
பிறகு டொரன்டோவிலிருந்து ஒரு குரல்,
தம்பி குடும்பம் வருகுது, அடுத்த மாதம் விட்டால் உதவி.
ஏழு வீட்டிலும் ஒரே நிபந்தனை: சுவரில் ஆணி அடிக்கக்கூடாது.
ஆணிக் கடையில் வேலை செய்கிறவள் நான்.
சாமிப் படமெல்லாம் கதிரையில் இருந்தன.
பொலிஸ் பதிவுப் படிவத்தில் அப்போது ஒரு கேள்வி:
எவ்வளவு காலம் தங்குவீர்கள்?
எழுத ஒன்றும் தோன்றாமல் கோடு போட்டிருக்கிறேன்.
ரிஸ்மியின் படிவத்தில் அதே இடத்தில்
அச்சடித்தே இருந்தது, இருபத்தைந்து வருடங்கள்.
எங்கள் இருவர் பெயரிலும் எழுதிய ஒரே உறுதி
நிலத்துக்கல்ல,
ஏழு இரவுக்கு.

இரண்டாம் தரம் போனபோது
கடையிலிருந்து ஒன்றரை அங்குல ஆணி ஒன்றைக்
கைப்பையில் கொண்டுபோனேன்.
அலுமாரிக்குள், ஒருவரும் பார்க்காத பக்கம்,
கமலேந்திரனின் சப்பாத்தின் குதியால் அடித்தோம்.
மகள் வாசலில் காவல்.

இந்த வருசத்துப் பில் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது,
மேலே கறிவேப்பிலைப் பை.
வெள்ளிக்கிழமைக்கு முன் கட்டவேண்டும்.
கட்டுவதா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியாய்ப் போனபோது அந்த ஆணியில்
ஒரு பிள்ளையின் நீச்சல் கண்ணாடி தொங்கியது,
இன்னும் ஈரம் காயாமல்.
முப்பத்தாறாம் கிழமைக்காரர் ஆரென்று தெரியாது.
கழற்றிப் பார்த்தோம். பச்சை நிறம்.
திரும்ப அங்கேயே கொழுவினோம்.